சுமையோடு நடக்கும் கிரேன்: எவ்வளவு தூக்கலாம், எப்படிக் கொண்டுபோகலாம்

கிரேனின் பூமில் (சுமையைத் தூக்க நீளும் கையில்) 14 தொன் என்று பெரிய எழுத்தில் எழுதியிருக்கும். அந்த 14 தொன்னை அது தூக்குவது ஒரே ஒரு நிலையில்தான். பூம் முழுதாக உள்ளே இழுத்திருக்க வேண்டும், கொக்கி முன் டயரை ஒட்டித் தொங்க வேண்டும், தரை மட்டமாகவும் கெட்டியாகவும் இருக்க வேண்டும், கிரேன் அசையாமல் நிற்க வேண்டும். இதில் ஒன்று மாறினாலும் 14 என்ற எண்ணுக்கு அர்த்தம் இல்லை. வாடகைக்கு எடுப்பவர், "14 தொன் கிரேன்தானே, என்ர சாமான் 5 தொன்தானே" என்று கேட்பார். அந்தக் கேள்விக்கு மரியாதையாக, ஆனால் உறுதியாகப் பதில் சொல்லக் கற்றுக்கொள்வதுதான் இந்த வேலையின் பாதி.

இங்கே பேசுவது பக்கக் கால் ஊன்றாமல், டயரிலேயே நின்று சுமையைத் தூக்கி, அப்படியே கொண்டுபோகும் கிரேன்களைப் பற்றி. எங்கள் மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் மதகுக்கு ஹியூம் பைப் (கொங்கிரீட் குழாய்) இறக்க, சம்மாந்துறை, கல்முனை நெல் ஆலைகளில் பொயிலர் ஏற்ற, வாழைச்சேனையில் படகைக் கரைக்கு எடுக்க, கொங்கிரீட் கம்பம் நட என்று எல்லாவற்றுக்கும் இதையே கூப்பிடுகிறோம். இதில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் பூம் நேராக முன்னுக்கு நீளும், பின் சக்கரம் திரும்பும். மற்றது இடுப்பில் மடங்கித் திரும்பும் வகை. ஆபத்து இரண்டிலும் வேறு வேறு இடத்தில் இருக்கிறது.

கிரேன் ஏன் கவிழ்கிறது

கிணற்றுத் துலாவை நினைத்துக்கொள்ளுங்கள். கிரேனுக்கு அந்தத் துலாக்கால் முன் அச்சு. பின்னால் கிரேனின் சொந்த நிறை, முன்னால் சுமை. நிறையை மட்டும் பார்த்தால் போதாது, நிறையைத் தூரத்தால் பெருக்கிப் பார்க்க வேண்டும்.

ஒரு உதாரணக் கணக்கு. கிரேன் 12 தொன், அதன் நிறை மையம் முன் அச்சுக்கு 2 மீற்றர் பின்னால் என்று வைப்போம். பெருக்கினால் 24. சுமை அச்சுக்கு 2 மீற்றர் முன்னால் தொங்கினால் 12 தொன்னில் பின் சக்கரம் எழும்பும். 4 மீற்றரில் 6 தொன். 6 மீற்றரில் வெறும் 4 தொன். இது கவிழும் எல்லை, தூக்கும் எல்லை அல்ல. சுமையோடு ஓடும் கிரேனுக்குக் கவிழும் நிறையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கையே அனுமதிப்பது பரவலான வழக்கம். அப்படிப் பார்த்தால் 8, 4, 2.7 தொன். பூமை நீட்டும்போது பூமின் நிறையும் முன்னுக்குப் போவதால் உண்மையான எண்கள் இன்னும் குறையும்.

இந்த இடத்தில் அனுபவசாலிகள் சிலர் சொல்லும் ஒரு கதையை நான் ஏற்கவே மாட்டேன்: "பின் டயர் இலேசாகும்போது எனக்குத் தெரியும், அப்ப நிப்பாட்டுவன்." பின் டயர் இலேசாவது தெரியும் நேரத்தில் அனுமதித்த எல்லையை எப்போதோ தாண்டியாயிற்று. அதைவிட மோசமான விடயம் ஒன்று உண்டு. கிட்டத் தூரங்களில் லோட் சார்ட் (எந்தத் தூரத்தில் எவ்வளவு தூக்கலாம் என்று சொல்லும் பட்டியல்) தரும் எண் கவிழ்வதை வைத்துப் போட்டதல்ல, பூம், சிலிண்டர், வயர் ஆகியவற்றின் பலத்தை வைத்துப் போட்டது. அங்கே அளவு மீறினால் பின் டயர் எழும்பாது. எச்சரிக்கை எதுவும் இல்லாமல் ஏதோ ஒன்று முறியும்.

முதல் வேலை: சுமை எவ்வளவு?

லொறிக்காரர் சொன்ன நிறையை நம்பித் தூக்கக் கூடாது. தயாரிப்பாளரின் தட்டு இருந்தால் அதைப் பாருங்கள், இல்லாவிட்டால் அளந்து கணக்குப் போடுங்கள். கொங்கிரீட் ஒரு கனமீற்றர் 2,400 கிலோ, இரும்பு 7,850 கிலோ, தண்ணீர் 1,000 கிலோ. 10 மில்லிமீற்றர் தடிப்புள்ள இரும்புத் தகடு சதுரமீற்றருக்கு 78.5 கிலோ. கம்பிக் கட்டுக்கு, விட்டத்தை மில்லிமீற்றரில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி 162 ஆல் வகுத்தால் ஒரு மீற்றரின் கிலோ வரும். 16 மி.மீ. கம்பி மீற்றருக்கு 1.58 கிலோ, 12 மீற்றர் நீளம் ஏறக்குறைய 19 கிலோ.

ஒரு ஹியூம் பைப்பை எடுப்போம். வெளி விட்டம் 1.1 மீற்றர், உள் விட்டம் 0.9, நீளம் 2.4. கொங்கிரீட்டின் கன அளவு சுமார் 0.75 கனமீற்றர், நிறை 1,800 கிலோ. சரி, இது புதுப் பைப். வெள்ளத்துக்குப் பிறகு வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் வயல் வீதியில் பழைய பைப்பைத் தோண்டி எடுக்கப் போனால் உள்ளே மூன்றில் ஒரு பங்கு சேறு நிற்கும். அது மட்டும் 900 கிலோவைத் தொடும். அதற்கு மேல் களிமண் பைப்பைக் கவ்விப் பிடித்திருக்கும். அந்தப் பிடியின் பலத்தைக் கணக்குப் போட வழியில்லை, அது விடுபடும்போது பூம் மேலே துள்ளும். அதனால் சுற்றி மண்ணை வெட்டி, சேற்றை வழித்து, ஒரு பக்கத்தை நெம்பி விடுவித்த பிறகுதான் கிரேனுக்கு வேலை. புதைந்த எதையும் கிரேனால் பிடுங்கக் கூடாது. வயலில் இறுகிய உழவு இயந்திரத்தைக் கொக்கியால் இழுப்பதும் இதே வகைதான். யார் கெஞ்சிக் கேட்டாலும் வேண்டாம்.

படகு என்றால் அடியில் தேங்கிய தண்ணீர், எண்ணெய், ஐஸ் எல்லாம் சுமைதான். 500 லீற்றர் தண்ணீர் அரைத் தொன், அதோடு படகு சரியும்போது தண்ணீரும் ஒரு பக்கம் ஓடி நிறை மையத்தை மாற்றும். பொயிலரையும் வடித்துவிட்டே தூக்க வேண்டும்.

கடைசியாக, கொக்கிக் கட்டை, பெல்ட் (சுமையைக் கட்டித் தூக்கும் பட்டி), ஷக்கிள் (இணைக்கும் இரும்பு வளையம்), பரப்புச் சட்டம் (பெல்ட்டுகளை விரித்துப் பிடிக்கும் சட்டம்) எல்லாவற்றின் நிறையையும் சேருங்கள். கொக்கிக் கட்டையே நூற்றுக்கணக்கான கிலோ வரும் கிரேன்கள் உண்டு. சார்ட்டில் உள்ள எண் இவற்றையும் சேர்த்துத்தான் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

லோட் சார்ட்டை வாசிப்பது

சார்ட் கபினுக்குள் இருக்க வேண்டும். அதுவும் அதே கிரேனின் சார்ட். இன்னொரு மொடலின் படத்தை போனில் வைத்திருப்பது பயன் தராது.

முதலில் பாருங்கள்: ரேடியஸை, அதாவது கொக்கி வரை உள்ள கிடைத் தூரத்தை, எங்கிருந்து அளந்திருக்கிறார்கள்? சில கம்பனிகள் முன் அச்சின் நடுவிலிருந்து, சில முன் டயரின் முகத்திலிருந்து, சில முன் பம்பரிலிருந்து அளக்கின்றன. இதைத் தவறாக எடுத்தால் ஒரு மீற்றர் வரை பிழை வந்துவிடும், அது தொன் கணக்கில் பிழை.

அப்புறம் பூம் நீளம். உங்கள் ரேடியஸ் இரண்டு எண்களுக்கு நடுவே விழுந்தால் நடுவை எடுக்காதீர்கள், தூரம் கூடிய வரிசையின் எண்ணை எடுங்கள். பூம் நீளத்துக்கும் இதே விதி, இரண்டு எண்ணில் குறைந்தது. நிலையாக நின்று தூக்கும் பட்டியலும் சுமையோடு ஓடும் பட்டியலும் தனித்தனியாக இருந்தால் ஓடும் பட்டியலே உங்களுக்கு. மடங்கும் வகையில் நேராக நிற்கும்போது ஓர் எண், முழுதாக மடங்கியபோது அதைவிடக் குறைந்த எண். மடங்கும்போது பூம் முனை பக்கத்துக்குப் போகிறது, கவிழும் கோடு நெருங்குகிறது. எடுக்கும் இடத்திலிருந்து இறக்கும் இடம் வரை எங்கே அதிகமாகத் திரும்புவீர்களோ, எங்கே அதிக ரேடியஸ் வருமோ, அந்த இடத்தின் எண்தான் முழு வேலைக்கும் எல்லை.

சுமை தரையை விட்டதும் முன் டயர் அமுங்கும், பூம் சற்று வளையும், கொக்கி முன்னுக்குப் போகும். ஆகவே அளந்த ரேடியஸோடு கொஞ்சம் கூட்டியே கணக்குப் பாருங்கள். நான் என் வேலைகளில் சார்ட் எண்ணின் முக்கால் பங்கைத் தாண்ட விடுவதில்லை. இது விதி அல்ல, எங்கள் தரையை அறிந்ததால் வந்த முடிவு.

தரை

இந்த மாவட்டங்களில் மற்ற எல்லாவற்றையும் விட இதுதான் பெரியது. எழுவான்கரையில் கல்லடியிலிருந்து காத்தான்குடி, களுவாஞ்சிக்குடி, கல்முனை என்று போகும் கடலோரம் முழுக்க மணல். படுவான்கரையிலும் அம்பாறையின் வயல் பக்கமும் களி. காய்ந்த களி கல் மாதிரித் தெரியும். மாரியில் அதே இடத்தில் கால் வைத்தால் புதையும்.

சுமையைத் தூக்கியதும் கிரேனின் நிறையும் சுமையும் ஏறக்குறைய முழுதாக முன் அச்சுக்கு வந்துவிடும். 12 தொன் கிரேன் 4 தொன் தூக்கினால் ஒவ்வொரு முன் பக்கத்திலும் 8 தொன் வரை நிற்கும். டயர் தரையை அழுத்தும் அழுத்தம் ஏறக்குறைய டயரின் காற்றழுத்தம்தான். 100 பிஎஸ்ஐ என்றால் சதுரமீற்றருக்கு 70 தொன் வருகிறது. இளகிய மணலோ ஈரக் களியோ அதில் ஒரு சிறு பங்கைக்கூடத் தாங்காது. ஓடும் பாதை முழுவதும் இரும்புத் தகடோ கனத்த மரப் பலகையோ விரியுங்கள், கிரேன் நிற்கும் இடத்தில் மட்டும் போட்டால் போதாது. தகடுகள் ஒன்றோடு ஒன்று முட்டி இருக்கட்டும், இடைவெளியில் ஒரு டயர் இறங்கினால் பக்கச் சரிவு வந்துவிடும்.

பக்கச் சரிவை நான் ஏன் இவ்வளவு பயத்தோடு சொல்கிறேன் என்றால், பூம் முனை உயரத்தில் இருப்பதால். முனை 8 மீற்றர் உயரத்தில் இருக்க, கிரேன் 3 பாகை மட்டும் பக்கம் சரிந்தால் கொக்கி 42 சென்ரிமீற்றர் பக்கத்துக்குப் போகும். 5 பாகை என்றால் 70 சென்ரிமீற்றர். கிரேனின் நடுவிலிருந்து டயரின் வெளி விளிம்பு வரை உள்ளதே ஒரு மீற்றர் சொச்சம். மடங்கும் வகையில் சரிவும் மடிப்பும் ஒரே பக்கம் சேர்ந்தால் இரண்டும் கூடிவிடும். 3 பாகைச் சரிவு கண்ணுக்கு மட்டமாகவே தெரியும். கபினில் சாய்வுமானி இல்லாவிட்டால் ஒரு நீர்மட்டத்தைக் கொண்டுபோங்கள்.

வீட்டு வளவுக்குள் போகுமுன் வீட்டுக்காரரைக் கேளுங்கள்: "அம்மா, பழைய கிணறு மூடின இடம் எங்க? மலக்குழி எங்க?" எங்கள் ஊர்களில் ஒவ்வொரு வளவிலும் இவை இருக்கும், மேலே மணல் மூடி, குரோட்டன் செடி நட்டிருக்கும். வெட்டிய கானின் விளிம்பிலிருந்து, கெட்டி மண்ணில் கானின் ஆழமளவாவது விலகி நில்லுங்கள், மணலில் இரண்டு மடங்கு. வாய்க்கால் கட்டிலும் குளக்கட்டிலும் மழைக்குப் பிறகு ஓரம் உள்ளே அரித்திருக்கும், மேலே தார் மட்டும் நிற்கும். ஓரத்துக்குப் போகாதீர்கள்.

மேலே பாருங்கள்

எங்கள் வீதிகளில் ஓடும் 11,000, 33,000 வோல்ற் கம்பிகள் பெரும்பாலும் உறை இல்லாதவை. தொட வேண்டியதில்லை, போதிய அளவு நெருங்கினாலே மின்சாரம் பாயும். அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு விதி 50,000 வோல்ற் வரை குறைந்தது 10 அடி, அதாவது 3 மீற்றர் சொச்சம் விலகச் சொல்கிறது, 132,000 வோல்ற் கோபுரக் கம்பிக்கு 15 அடி. பூம், வயர், சுமை மூன்றும் அந்த எல்லைக்குள் வரக்கூடாது. காற்றில் கம்பி ஆடும், சுமையும் ஆடும், அதற்கும் இடம் விடுங்கள். நெருங்கித்தான் ஆகவேண்டும் என்றால் மின்சார சபைக்கு முன்கூட்டியே அறிவித்து இணைப்பைத் துண்டித்து, அவர்களே நிலத்தொடுப்பு (எர்த்) போட்ட பிறகு வேலை தொடங்குங்கள். சபையின் அவசர இலக்கம் 1987.

பூம் கம்பியில் பட்டுவிட்டால் ஒப்பரேட்டர் கபினுக்குள்ளேயே இருக்க வேண்டும். முடிந்தால் கிரேனை விலக்கலாம். வெளியே உள்ளவர்கள் 10 மீற்றருக்கு அப்பால் போகட்டும், கிரேனையோ சுமையையோ சுமை ஆடாமல் பிடிக்கும் கயிற்றையோ யாரும் தொடக்கூடாது. தீப்பிடித்து இறங்கியே ஆகவேண்டும் என்றால் கிரேனையும் தரையையும் ஒரே நேரத்தில் தொடாமல், இரண்டு காலையும் சேர்த்துக் குதித்து, பாதத்தைத் தூக்காமல் அரக்கி அரக்கி விலகுங்கள். அடி எடுத்து வைத்தால் இரண்டு கால்களுக்கு இடையில் மின்னழுத்த வித்தியாசம் வரும். அம்புலன்சுக்கு 1990.

பெல்ட், வயர், கொக்கி

இரண்டு கால் கட்டில் கோணம்தான் எல்லாம். படுக்கைக் கோட்டிலிருந்து 60 பாகையில் ஒவ்வொரு காலும் சுமையின் 58 வீதத்தைத் தாங்கும், 45 பாகையில் 71 வீதம், 30 பாகையில் ஒவ்வொரு காலும் முழுச் சுமையையும் தாங்கும். 45க்குக் கீழே போவதானால் நீளமான பெல்ட் தேடுங்கள். ஐரோப்பிய முறைப்படி பெல்ட்டின் நிறம் அளவைச் சொல்லும்: ஊதா 1 தொன், பச்சை 2, மஞ்சள் 3, சாம்பல் 4, சிவப்பு 5. நிறத்தை மட்டும் நம்பாமல் தைத்த அடையாளத் தாளையும் வாசியுங்கள். தாள் இல்லாத பெல்ட்டை வெட்டி எறியுங்கள், இன்னொருவர் எடுத்துப் பாவிக்காதபடி. சுருக்குப் போட்டுத் தூக்கினால் அதன் அளவில் 80 வீதம்தான். கொங்கிரீட் விளிம்பிலும் இரும்பு விளிம்பிலும் பெல்ட் படும் இடத்தில் பழைய டயர்த் துண்டாவது வையுங்கள்.

கடலோரத்தில் உப்புக் காற்று வயரை உள்ளுக்குள் தின்னும், வெளியே கிறீஸ் பளபளக்கும். நசுங்கல், கூண்டு போல் விரிதல், மடிப்பு, தேய்ந்து மெலிதல் எது கண்டாலும் மாற்றுங்கள். கொக்கியின் நாக்கு மூடவேண்டும். நாக்கைக் கம்பியால் கட்டிவைத்த கிரேனை வாசலிலேயே திருப்பி அனுப்பலாம்.

தூக்குவதும் கொண்டுபோவதும்

காலையில் டயர்க் காற்று (இந்தக் கிரேனுக்கு டயர்தான் கால்), பிறேக், எண்ணெய் ஒழுக்கு, சுமைகாட்டி, கொக்கி மேலே முட்டுவதைத் தடுக்கும் சுவிட்ச். சுமைகாட்டி கத்துகிறது என்று அதன் சாவியைத் திருப்பி வாயடைப்பது மன்னிக்க முடியாத வேலை.

பிறகு வரிசை இதுதான்:

1. பாதையைச் சுமை இல்லாமல் நடந்து பாருங்கள், இறக்கும் இடம் தயாரா என்று பாருங்கள்.
2. கொக்கியைச் சுமையின் நிறை மையத்துக்கு நேர் மேலே கொண்டுவாருங்கள். சாய்வாக இழுத்தால் அது பக்கச் சுமை, பூம் அதற்காகச் செய்யப்படவில்லை.
3. சைகை காட்ட ஒருவர் மட்டும். ஆனால் நிறுத்தச் சொல்ல எல்லோருக்கும் உரிமை உண்டு, யார் சொன்னாலும் ஒப்பரேட்டர் நிறுத்த வேண்டும்.
4. 10, 15 சென்ரிமீற்றர் தூக்கி நிறுத்துங்கள். பிறேக் பிடிக்கிறதா, சுமை மட்டமா, முன் டயரடியில் தரை இறங்குகிறதா என்று பாருங்கள். இந்த ஒரு நிமிடத்தை அவசரத்துக்கு விற்காதீர்கள்.
5. பூமை எவ்வளவு உள்ளே இழுக்க முடியுமோ இழுத்து, சுமையைக் கிட்டக் கொண்டுவந்து, முழங்காலுக்குக் கீழே வைத்தபடி நடை வேகத்தில் நகருங்கள்.

வேகத்தின் கதை முக்கியம். கயிறு 5 மீற்றர் தொங்க, மணிக்கு 4 கிலோமீற்றரில் போய் திடீரென்று பிறேக் அடித்தால் சுமை 80 சென்ரிமீற்றர் முன்னுக்கு ஆடும். மணிக்கு 10 கிலோமீற்றரில் 2 மீற்றர். அந்த 2 மீற்றரும் உங்கள் ரேடியஸில் கூடுகிறது, சார்ட்டில் அது இல்லை. திருப்பத்தில் இதே ஆட்டம் பக்கத்துக்கு வரும். ஏற்றத்தில் முன்னோக்கி ஏறுங்கள், இறக்கத்தில் பின்னோக்கி இறங்குங்கள், சுமை எப்போதும் மேட்டுப் பக்கம்.

ஆட்கள் எங்கே நிற்கிறார்கள் என்பதில்தான் உயிர் போகிறது. சுமை ஆடாமல் கயிறு பிடிக்கும் தம்பி, சுமைக்கும் முன் டயருக்கும் நடுவில் பின்னோக்கி நடப்பதை அடிக்கடி காணலாம். கால் இடறினால் டயர் அவர்மேல். பின் கபின் உள்ள பழைய வகையில் பூமும் சுமையும் மறைப்பதால் ஒப்பரேட்டருக்கு அவர் தெரியவே மாட்டார். கயிறு நீளமாக இருக்கட்டும், பிடிப்பவர் பக்கவாட்டில் தள்ளி, ஒப்பரேட்டர் கண்ணில் படும்படி நடக்கட்டும், கயிற்றைக் கையில் சுற்றக்கூடாது. மடங்கும் வகையில் இடுப்புப் பகுதிக்குள் யாரும் நிற்கக்கூடாது, திரும்பினால் நசுக்கும். ஒப்பரேட்டருக்குச் சைகைக்காரர் மறைந்தால் அந்த நொடியே நிற்க வேண்டும். சுமையில் ஏறிப் போவதற்கு யாரையும், முதலாளியையும் விடக்கூடாது.

காற்று

தென்மேற்குப் பருவத்தில் கச்சான் காற்று பிற்பகலில் பலக்கும். கிரேனின் கைநூலில் உள்ள காற்று எல்லையைப் பாருங்கள், தகரக் கட்டு, சுவர்ப் பலகை போன்ற அகலச் சுமைக்கு அதற்கும் முன்னமே நிறுத்துங்கள். விநாடிக்கு 10 மீற்றர் காற்று ஒரு சதுரமீற்றரை 6 கிலோ அளவுக்குத் தள்ளும், வேகம் இரட்டித்தால் தள்ளல் நான்கு மடங்கு. கச்சான் காலத்தில் இத்தகைய சுமைகளை விடியற்காலையில் முடித்துவிடுவது நல்லது.

வாடகைக்கு எடுப்பவர் கேட்க வேண்டியவை

1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் பாரந்தூக்கிகளையும் சங்கிலி, கயிறு போன்றவற்றையும் அதிகாரம் பெற்றவர் காலத்துக்குக் காலம் பரிசோதிக்க வேண்டும் என்கிறது. அந்த அறிக்கையைக் காட்டச் சொல்லுங்கள். சாரதி அனுமதிப்பத்திரம் வீதியில் ஓட்டத்தான், தூக்கும் பயிற்சிச் சான்றிதழைத் தனியாகக் கேளுங்கள். கிரேன் வருமுன் சுமையின் நிறை, தூக்கும் உயரம், தூரம், தரை நான்கையும் ஒப்பரேட்டருக்குச் சொல்லுங்கள். சின்னக் கிரேன் போதாது என்று அவர் திருப்பி அனுப்பினால், அந்த நாள் வாடகையைக் கொடுத்துப் பெரிய கிரேனையோ ஊன்றுகால் உள்ளதையோ அழையுங்கள். இரண்டு சின்னக் கிரேன்களைச் சேர்த்துத் தூக்கும் யோசனை வந்தால், அதற்கென்று எழுத்தில் திட்டம் போடும் பொறியியலாளர் இல்லாமல் தொடவேண்டாம்.

வேலை முடிந்ததும் சுமையைத் தொங்கவிட்டுத் தேநீர் குடிக்கப் போகக்கூடாது, ஐந்து நிமிடத்துக்கும்தான். சுமையை இறக்கி, பூமை உள்ளே இழுத்துத் தாழ்த்தி, கொக்கியைக் கட்டி, கைப் பிறேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, சாவியை எடுங்கள். அன்று கண்ட குறைகளைக் கிரேனின் புத்தகத்தில் எழுதி, நாளை வரும் ஒப்பரேட்டரிடம் வாயாலும் சொல்லிவிடுங்கள்.